வீரான்குட்டி ஆற்றிய டீ

அரீக்கோட்டில் வீரான்குட்டியை ஓரிடத்தில் உட்காரவைத்தவர் யாருமில்லை. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தில் பின்வரிசை காத்த காலத்திலும் சரி, டீக்கடை போட்ட பிறகும் சரி, மனுசனுக்குக் காலில் சக்கரம். கடைசியில் அவருடைய கடையின் ஈரத்தரையே சறுக்கிவிட்டு, முட்டியில் அறுவைச் சிகிச்சை வரைக்கும் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தியது.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் ஷமீமா ஒரு ஸ்மார்ட் வாட்ச் அனுப்பினாள். மெதுவாக நடந்தால் அதில் ஒரு பச்சை வளையம் நிறையும். அவள் போனிலும் அது தெரியும்.

"உப்பா, வாக்கரப் புடிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே நடங்க. வளையம் நிறையலைன்னா வேலைய உதறிட்டு வந்துருவேன், ஆமா."

சொன்னால் செய்வாள், அப்பன் புத்தி. புது ஆஸ்பத்திரியில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். இந்த நேரத்தில் கிளம்பினால் வேலைக்கு வேட்டுதான்.

ஆனால் நடந்தால் உயிர் போனது. நாலடி வைத்து நாற்காலியில் விழுவார். விழுந்ததும் எழத் துடிப்பார். கடை மூடிக்கிடந்ததால் வாடிக்கைக்காரர்கள் சாயங்காலம் வீட்டுக்கே வந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் அவர்களுக்கு உட்கார்ந்தபடியே டீ ஆற்றினார். கை தலைக்கு மேலே போய் முட்டிக்குக் கீழே இறங்க இறங்க, வாட்ச் பூரித்துப்போனது. வளையம் நிறைந்துவிட்டது.

"உப்பா, கலக்கிட்டீங்க!" என்றாள் ஷமீமா போனில்.

அன்றிலிருந்து தினமும் டீதான். "இன்னொரு டீ குடிச்சா என்னைத்தான் ஆஸ்பத்திரியில சேக்கணும்" என்று பக்கத்து வீட்டு அவறான் கும்பிட்டார்.

"உக்காந்துக்கிட்டே மஸ்கட் வரைக்கும் நடக்குற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் மனைவி ஸுபைதா.

"வாய மூடுடி. புள்ள அங்க நிம்மதியா தூங்கட்டும்."

ஒரு விடிகாலை, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்ய மனைவியைக் கூப்பிடாமல் எழுந்து பார்த்தார். கால் ஈரத்துணியாகத் துவண்டது. ஸுபைதா வந்து தூக்கும்வரை தரையிலேயே கிடந்தார். அப்போதுதான் நிஜமாகப் பயந்தார். இந்தக் கால் இப்படியே கிடந்துவிட்டால் மகள் எப்படியும் வருவாள், திரும்பிப் போகவே மாட்டாள்.

அன்றே டீயை நிறுத்தினார். வாக்கரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, அடுக்களையிலிருந்து வாசல் கேட் வரை, வழியெல்லாம் முட்டியைத் திட்டிக்கொண்டே நடந்தார். திரும்பி வந்தால் சட்டை நனைந்திருக்கும். வளையம் மட்டும் காலியாகவே இருந்தது. கை ஆடினால்தான் வாட்சுக்கு நடை. வாக்கரைப் பிடித்த கை ஆடுமா? அது அந்த வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. வீரான்குட்டி வாட்சைத் தட்டினார், சார்ஜ் போட்டார், கெட்ட வார்த்தையிலும் பேசிப் பார்த்தார்.

"ஏன் உப்பா மறுபடியும் படுத்துட்டீங்க?"

"நடக்கறேன் மோளே, சத்தியமா."

"பொய் சொல்லாதீங்க. எனக்குத்தான் தெரியுதே."

அவள் நம்பவேண்டுமானால் டீ விஷயத்தை உடைக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டார்.

ஒரு மத்தியானம் அவர் கேட்டருகே வந்து மூச்சு வாங்கியபோது, வெளியே கார் நின்றது. பெட்டியோடு ஷமீமா இறங்கினாள். வாக்கரையும் வேர்த்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாட்ச் பொய் சொல்லுது மோளே" என்றார்.

"எப்ப? போன வாரமா, இந்த வாரமா?"

தலையைக் குனிந்துகொண்டார். "போன வாரம் பொய் சொன்னது நான். இந்த வாரம் அது."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"வேலை என்னாச்சு?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "நடங்க, பாக்கணும்."

வீரான்குட்டி வாக்கரைத் திருப்பினார். வழியில் நாற்காலி வந்தது. அவர் உட்காரவில்லை.