தொட்டியில் முதலில் இறங்குபவர்

பெரம்பலூர் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபை திறந்திருக்கிறது. உள்ளே போய் உட்காருகிறேன். ஜன்னல் கம்பிகளில் சிமெண்ட் லாரிகளின் தூசி. சுவரில் சபை வரலாறு என்ற தலைப்பில் ஒன்பது போதகர்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன.

பிரசங்க மேடையின் பலகைகளை எடுத்து ஓரமாக அடுக்கியிருக்கிறார்கள். அடியில் ஞானஸ்நானத் தொட்டி. சபையைப் பெருக்கும் அஞ்சலை அதற்குள் நின்று பாசியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நாளை நான்கு பேருக்கு முழுக்கு.

“மொதல்ல ஏரியில ஞானஸ்நானம் குடுத்தாங்க. ஏரி வத்திப்போச்சு. அப்பறம் ஒரு கெணத்துல. அதுவும் வத்திப்போச்சு. அதுக்கப்பறந்தாங்க இந்தத் தொட்டி, போர் தண்ணி” என்கிறார்.

சுவரில் இருப்பதைவிட இது தெளிவான வரலாறு.

“நீங்க எதுலக்கா எடுத்தீங்க?”

“நான் எடுக்கலைங்க சார். பதினெட்டு வருசமா கேக்குறேன். வூட்டுக்காரரு சம்மதிக்கட்டும்ங்கிறாங்க சபையில. அவரு சம்மதிக்கல.”

பிரஷ்ஷை உதறுகிறார்.

“தேய்க்க ஒவ்வொரு தடவையும் நான்தான் மொதல்ல எறங்குறேன். அது கணக்குல சேராதாம். சார், அந்தக் கொழாயத் தொறந்து விடுங்க.”

திறந்துவிடுகிறேன். தண்ணீர் அவர் கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு ஏறுகிறது. வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது.

மேலே ஏறி வர அவருக்கு அவசரமில்லை.