காத்திருப்பவர்களைப் பற்றிய பாடம்

கல்லூரியில் அவருக்குத் 'தெரு மேடம்' என்று பெயர். வைத்தது மாணவர்கள்தான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொல்ல ஆரம்பித்தார்கள், கடைசியில் ஆசிரியர் அறையிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தம் இல்லை. சமூகவியல் சொல்லித்தருகிறவருக்கு இதைவிட நல்ல பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்துவிடப்போகிறது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரையும்போல அவரும் கரும்பலகையும் குறிப்புகளுமாகத்தான் இருந்தார். ஒரு மதியம், சமூக ஒழுங்கு என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சில் ஒருவன் வாய் நிறையக் கொட்டாவி விட்டான். அது பெஞ்சு பெஞ்சாகத் தொற்றிக்கொண்டு முன்வரிசை வரை வந்தது. மேடத்துக்கே கொட்டாவி வந்துவிட்டது. சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"எழுந்திருங்க எல்லாரும். ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"யாருக்கு மேடம் உடம்பு சரியில்ல?"

"நம்ம பாடத்துக்கு."

பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கும் ஜன்னலுக்கு எதிரே அன்றைக்கு வகுப்பு முழுக்க நின்றது. கைக்குழந்தைக்காரிக்குச் சட்டென்று வழிவிட்ட அதே வரிசைக்காரர்கள், இஸ்திரி கலையாத சட்டைக்காரர் ஒருவர் நடுவில் புகுந்ததும் சண்டைக்குப் போனார்கள். ஏன் என்ற விவாதம் திரும்பி வரும் வழியெல்லாம் ஓயவில்லை. கொட்டாவி விட்டவன்தான் அதிகம் கத்தினான்.

அதற்குப் பிறகு குடும்பத்தைப் பற்றிய பாடம் சலவைக் கடையில் நடந்தது, உழைப்பைப் பற்றிய பாடம் பேருந்துப் பணிமனையில். அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று. யாரைப் பற்றி எழுதினாயோ, அவரிடமே போய் அதைப் படித்துக் காட்ட வேண்டும். அவர் தப்பு என்றால் திருத்த வேண்டும். ஒரு தையல்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதாம்மா, என் மூக்கைப் பத்தி எதுக்கு எழுதினே?" என்று கேட்டார். மறுபேச்சில்லாமல் மூக்கு நீக்கப்பட்டது.

பிறகு அவரைத் துறைத் தலைவர் ஆக்கினார்கள். மாடியில் குளிர்சாதன அறை, சுழலும் நாற்காலி, மூடிய கதவு. கூட்டம், கால அட்டவணை, விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து வரும் தாள்கள், அந்த விளக்கத்துக்கு விளக்கம். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவர் வெறும் கையெழுத்துதான். அதற்குச் சொந்தக்காரியின் முகம் தெரியாது.

அவருடைய பாடத்தை இளைய விரிவுரையாளர் ஒருத்தி எடுத்துக்கொண்டாள். எல்லோருக்கும் அவள் 'சின்ன மேடம்'. நிரந்தர வேலை இல்லை, மணிக்கு இவ்வளவு என்று சம்பளம். அந்தப் பாடம் இருக்கிறவரைதான் அவளுக்கு அந்தக் கல்லூரி. பொறுப்பேற்பதற்கு முன்னால் ஒரு பருவம் முழுக்க மேடத்தின் வகுப்போடு தெருத்தெருவாகச் சுற்றியவள் அவள்.

இப்போது தலைவர் பதவிக்காலம் முடிகிறது. முதல்வர் கூப்பிட்டுக் கேட்டார்: "இன்னொரு முறை இருங்களேன் மேடம். இல்ல, வகுப்புக்கே போறேன்னா உங்க பாடத்தை எடுத்துக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? முட்டி வலிக்குதுன்னு தினம் என் உசுரை வாங்கறது யாரு?"

"வலிக்கிறது உட்கார்ந்தே கெடக்கிறதால."

"நடந்தப்பவும் வலிச்சுது. தைலம் தேச்ச கை என்னோடது, எனக்குத் தெரியாதா?"

மேடம் சிரித்துவிட்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. ஏங்கியது பதவிக்கல்ல. வெயிலில் ஒரு பெண் பேனாவைக் கடித்துக்கொண்டு, "மேடம், அவர் பொய் சொல்றாரு, அதையும் எழுதணுமா?" என்று கேட்பாளே, அந்தக் குரலுக்கு. காலையில் பாடம் இன்னதென்று தெரியாமல் கிளம்பி, சாயங்காலம் வேறு ஆளாகத் திரும்பும் அந்த நாட்களுக்கு.

அந்த வாரம் சின்ன மேடத்தின் வகுப்பு சந்தைப் பக்கம் இறங்கியிருந்தது. பாடம், காத்திருப்பு: யார் காத்திருக்கிறார்கள், யாருக்காக, யாரைக் காக்கவைக்க யாரால் முடிகிறது. மேடம் தினமும் வேலை முடிந்ததும் சந்தைக்கு எதிரே இருந்த பேருந்து நிழற்குடையில் வந்து உட்கார்ந்தார். காய் வாங்க வந்ததாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பையில் நாலு தக்காளியும் இருந்தது. அவர் போகவேண்டிய பேருந்து வந்தது, போனது. எதிரே பிள்ளைகள் கடை கடையாக நிற்பதையும், கேட்கத் தயங்கி ஒருவரையொருவர் முன்னால் தள்ளிவிடுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை இரண்டு பெண்கள் அவர் முன்னால் வந்து நின்றார்கள். ஒருத்தி கண்ணாடி போட்டவள், இன்னொருத்தி தன்னைவிடப் பெரிய பை மாட்டியவள்.

"ஆன்ட்டி, கோவிச்சுக்கக் கூடாது. நாங்க காலேஜ், ஃபர்ஸ்ட் இயர். உங்களைப் பத்தி எழுதியிருக்கோம்."

"என்னைப் பத்தியா?"

"பேரெல்லாம் போடல. படிச்சுக் காட்டணும்னு ரூல். இல்லன்னா எங்க மேடம் திருப்பி அனுப்பிடுவாங்க," என்றாள் பைக்காரி.

தன்னுடைய விதி தன்னையே தேடிக்கொண்டு வந்து நிற்கிறது. "படிம்மா," என்றார்.

கண்ணாடிக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்: "நிழற்குடையில் ஒரு பெண் தினமும் வந்து உட்காருகிறார். பேருந்துக்காக அல்ல. வந்த பேருந்துகளில் அவர் ஏறுவதில்லை. கல்லூரி மாணவிகள் கடந்து போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். இவருடைய மகள் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போயிருக்கலாம். அவளுக்காகத்தான் காத்திருக்கிறார்."

மேடத்துக்கு மகளே இல்லை. ஒரே மகன், வேறு ஊரில் வேலையில் சௌக்கியமாக இருக்கிறான். சிரிப்பு வர வேண்டிய இடம். ஆனால் கண்தான் கரித்தது. மறைக்கத் தக்காளிப் பையைச் சரிசெய்தார். பிறகு பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது:

"மகள்னு எழுதினியே, அது கண்ணால பார்த்ததா, நீயா நினைச்சதா?"

பைக்காரி தோழியின் விலாவில் இடித்தாள். "பாத்தியாடி! நம்ம மேடம் கேக்குற மாதிரியே கேக்கறாங்க!"

"நினைச்சதுதான் ஆன்ட்டி," என்றாள் கண்ணாடிக்காரி, முகம் சிவந்து. "அப்ப நீங்களே சொல்லுங்க. யாருக்காகக் காத்திருக்கீங்க?"

சரியான கேள்வி. கேட்ட பிறகு அவள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்த விதமும் சரி. பதிலை எடுத்துக்கொடுக்காமல் சும்மா இருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். இந்தப் பெண்ணுக்கு அது வந்திருக்கிறது.

மேடம் எதிர்ப்பக்கம் பார்த்தார். வெங்காயக்காரம்மாவுக்குப் பக்கத்தில் சின்ன மேடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தோளில் யாரோ மாணவனின் பை. வெங்காயக்காரம்மா எதையோ சொல்ல, அவளும் சுற்றி நின்ற பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதை எனக்குக் கொடு என்று கேட்டால் நாளைக்கே கிடைக்கும். கேட்டால், அங்கே உட்கார்ந்து சிரிப்பவள் எழுந்து போக வேண்டும்.

"எங்கிட்ட ஒரு வகுப்பு இருந்துதும்மா," என்றார். "இப்ப வேற ஒருத்தர்கிட்ட இருக்கு. நல்லா இருக்கு. அதைப் பார்க்கத்தான் வர்றேன்."

கண்ணாடிக்காரி ஒரு சொல் விடாமல் எழுதினாள். "ஆன்ட்டி டீச்சரா? திரும்பக் கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க."

"அப்புறம் ஏன் கேக்கல?"

மேடம் மறுபடி எதிர்ப்பக்கம் பார்த்தார். இருவரும் அவசரப்படுத்தவில்லை.

"கேக்கணும்னு ஆசையா இருக்கு. இதையும் எழுதிக்கோ."

"மகளை அடிச்சிரட்டுமா?"

"அடிச்சிரு. இல்லாததை எழுதக்கூடாது."

திருத்தியதை அவள் மறுபடி படித்துக் காட்டினாள். ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சின்ன மேடம் எழுந்து இந்தப் பக்கம் திரும்புவதற்குள், மேடம் எழுந்துகொண்டார்.

மறுநாள் காலை முதல்வர் அறையில், "இன்னொரு முறை நானே இருக்கேன் சார்," என்றார்.

"அப்பாடா!" என்றார் முதல்வர். "நீங்க வகுப்புக்குப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன். உங்களுக்கும் சந்தோஷம்தானே மேடம்?"

"கையெழுத்து எங்க சார் போடணும்?" என்று கேட்டார் மேடம்.