பனி வண்டியும் சந்திரிகா அக்காவும்

1975 ஆகஸ்ட் பதினான்கு, வியாழக்கிழமை, நான் அந்த மலையை விட்டுக் கிளம்பினேன். கிளம்பினேன் என்று எழுதுவது எளிது.

ஆஸ்திரேலியாவில் ஆகஸ்ட்தான் குளிர்காலம்; மெல்போர்னுக்கு வடகிழக்கே பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் தந்தி வந்தது. பினாங்கில் அம்மாவுக்குச் சனிக்கிழமை வயிற்றில் ஆபரேஷன். மூன்று வருடமாக ஊர் ஊராகச் சுற்றியவள் நான். ஆபரேஷனுக்கு முன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். விமானம் இரவில், அதற்கு மதியமே அடிவாரத்தில் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஆட்களை அடிவாரத்தில் கொண்டு இறக்கும் பெரிய வண்டியோ பனியில் கவிழ்ந்து கிடந்தது. கொட்டகையில் இருந்தது பழைய ஸ்னோமொபில் ஒன்றுதான்: முன்னால் சறுக்குப் பலகைகள், பின்னால் ரப்பர் பட்டை. இஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்து விடுதி முதலாளி தோள் வலித்து ஓய்ந்துவிட்டார்.

விடுதியின் சமையல்காரி சந்திரிகா அக்கா. எங்கள் மலேசியாவின் தைப்பிங்கில் பிறந்து, கல்யாணமாகி மெல்போர்ன் புறநகரான மல்கிரேவுக்கு வந்தவர். கோடையில் கணவரோடு வீட்டு கராஜில் புல்வெட்டி இயந்திரம் ரிப்பேர். குளிர்காலத்தில் மலையில் சமையல். யாரைப் பார்த்தாலும் முதலில் சாப்பிட்டாயா என்பார், பிறகு திட்டுவார். அன்று வெங்காயக் கையைத் துடைத்தபடி கொட்டகைக்கு வந்தார். இதுவும் புல்வெட்டிக்கு அண்ணன்தான், குளிரில் வளர்ந்த அண்ணன் என்றார்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். நனைந்திருந்தது. அடுப்புக்குக் கொண்டுபோய்த் தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்கினார். திரும்ப மாட்டி இழுத்ததும் இஞ்சின் இரண்டு தரம் இருமியது, தள்ளாடியது, அடங்கிவிட்டது.

"தண்ணி அடிச்ச ஆள் மாதிரியே பண்ணுதுக்கா," என்றேன். அழுகை வராமலிருக்கத்தான் அதைச் சொன்னேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "இரு லா. நீ வாய்க்கு வந்ததச் சொன்னே, ஆனா சரியாச் சொன்னே."

கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் கவிழ்த்தார். மேலே பெட்ரோல், அடியில் உருண்டு நகர்ந்தது தண்ணீர். டாங்கில் ஈரம் இறங்கியிருந்தது.

"நெசமாவே தண்ணிதான் போட்டிருக்கு, படுபாவி."

டாங்கைக் காலி செய்தோம். குழாயில் பனிக்கட்டி அடைத்திருக்குமென்று வெந்நீர்த் துணி சுற்றினார். புதுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி இழுத்தார். புகை கக்கிக்கொண்டு இஞ்சின் பிடித்தது. மத்தியானச் சமையலை முதலாளி தலையில் கட்டிவிட்டு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவர் முதுகைக் கட்டிக்கொண்டிருந்தேன். அடிவாரத்தில் பேருந்து நகரத் தொடங்கியிருந்தது. அக்கா குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மாவைப் பார்த்தேன். மறுநாள் அவர் கையைப் பிடித்தபடி ஆபரேஷன் அறை வாசல் வரை போனேன். பிழைத்துக்கொண்டார். இன்று காலையில்கூட என் தலைமுடியைப் பற்றிக் குறை சொன்னார்.

அக்காவுக்கு எழுதிய கடிதம், விடுதி கைமாறிவிட்டதென்று திரும்பி வந்தது. மல்கிரேவ் விலாசம் என்னிடம் இல்லை. பிறகு போன மாதம், 1979 நவம்பரில், பினாங்கிலிருந்து மெல்போர்னுக்குப் படிக்கப் போன பெண் ஒருத்தியிடம் என் விலாசத்தை விசாரித்து அவரே ஒரு தபால் அட்டை போட்டிருந்தார்:

"கிரிஜா, அன்னிக்கு உன்ன விட்டுட்டுத் திரும்புறப்போ வண்டி பாதி வழியில நின்னுபோச்சு. நடந்தேதான் மேல ஏறினேன். இறங்குறப்போ நிக்கலியே, அது போதும். அம்மாவப் பாத்தியா?"