இரண்டு கட்டங்கள்

கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கம்ப்யூட்டருக்குள் வைத்துக்கொண்டு சம்பளம் வாங்கியவள் நான். தொண்ணூறுகளின் கடைசி அது. எண்ணூர் பக்கம் கப்பல் வருவதற்காகக் கடலுக்குள் கால்வாய் தோண்டினால் மணல் எங்கே போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் அலுவலக வேலை.

ஆழம் பார்க்க எங்களைப் படகில் கூட்டிப்போனவர் பக்கத்துக் குப்பத்து மீனவர். நாங்கள் கருவியை இறக்குவதற்குள் "மூணு பாகம் ஆழம் இருக்கும்" என்பார். சரியாகவே இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள், குப்பத்துப் படகுகள் கடலுக்குப் போய்வரும் சின்ன முகத்துவாரத்தைக் காட்டினார்.

"கால்வா நோண்டுனா மணலு இங்க வந்து குந்திக்குமாம்மா? இது அடைஞ்சா எங்க பொழப்பு பேஜாராப் பூடும். உன் கம்ப்யூட்டராண்ட கேட்டுச் சொல்லு."

"கேட்டுச் சொல்றேண்ணே" என்றேன்.

அந்த முகத்துவாரம் என் திரையில் இரண்டே இரண்டு கட்டம். கடல் வற்றும் நேரத்தில் இரண்டிலும் தண்ணீர் காய்ந்துவிடும். உடனே கணக்கு மொத்தமும் தாறுமாறாகி நின்றுவிடும். மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். அறிக்கை கொடுக்க நான்கு நாள் இருந்தபோது, அந்த இரண்டு கட்டத்தையும் தண்ணீர் இல்லை, தரை என்று மாற்றிவிட்டேன். பிறகு மறுபடி தண்ணீராகத் திறந்துகொள்ளலாம் என்று நினைப்பு. கணக்கு சமர்த்தாக ஓடியது. நான் திறக்கவே இல்லை. தரை என்று சொன்ன இடத்தில் எந்தக் கம்ப்யூட்டர் மணலைக் கொட்டும்? மணல் சேரும் இடங்களைக் காட்டும் படத்தில் அந்த இடம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. "அங்க ஒண்ணும் பாதிப்பில்லையே?" என்று மேலதிகாரி கேட்டார். "இல்ல சார்" என்றேன்.

குப்பத்துக்குப் போய் அந்த மீனவரிடமும் அதையேதான் சொன்னேன். கால்வாய் வேண்டாம் என்று மனு கொடுக்கக் கிளம்பியிருந்தவர்களை அவரே பேசி நிறுத்தினார். எனக்கு ஒரு பாரை மீனைக் கொடுத்தனுப்பினார். வண்ணாரப்பேட்டை வீட்டில் குழம்பு வைத்து ருசித்துத்தான் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மூன்று வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். முகத்துவாரம் மணல்மேடாகக் கிடந்தது. எட்டுப் பேர் படகை மேட்டின் மேல் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எங்களைப் படகில் கூட்டிப்போனவரும் அதில் ஒருவர். பக்கத்தில் தள்ளியவர் என்னை அடையாளம் கண்டு சீறினார்: "ஒண்ணியும் ஆவாதுன்னு சொன்னது இவங்கதான?"

கம்ப்யூட்டரிடம் நான் கேட்கவே இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அந்த அண்ணனே முந்திக்கொண்டார்.

"சும்மா இருடா. இந்தம்மா கம்ப்யூட்டராண்ட கேட்டுட்டுதான் சொல்லிச்சு. கடலு மாறிப்பூட்ச்சு, அதுக்கு இது இன்னா பண்ணும்?" என்றவர் என் பக்கம் திரும்பி, "இல்லியாம்மா?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.