ஒரு வாய் தண்ணீர்

தன் அண்ணனின் குரல் ஏறத் தொடங்கியதும் ஜிப்புக்காரர் காலடியில் இருக்கும் பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். விழுங்குவதில்லை. கன்னம் இரண்டும் புடைத்து நிற்க, குனிந்து ஏதாவது ஒரு பைக்கு ஜிப் கோத்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் திட்டி ஓய்ந்து தையல் மெஷினை மிதிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கும். புதிதாக வருகிறவர்கள், பாவம், மனிதருக்குப் பல்வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பை, பெட்டிகளைப் பழுது பார்க்கும் அந்தக் கடை இரண்டு ஆள் அகலம்தான். பல் நழுவிய ஜிப், அறுந்த கைப்பிடி, உருள மறுக்கும் சக்கரம் எல்லாம் வாசலோரம் உட்கார்ந்திருக்கும் தம்பியின் பொறுப்பு. உள்ளே சுவரோரம் மெஷினோடு அண்ணன். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நூல் அறுந்தால் தம்பிதான் காரணம். மின்விசிறி நின்றாலும் தம்பிதான். அப்படிக் கரித்துக்கொட்டும் அண்ணனின் உடம்புக்குள் வேலை செய்துகொண்டிருப்பது தம்பியின் சிறுநீரகம்.

இது தம்பியின் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு முரண்டு பிடித்தாராம். "வேணாம்டா. நாளைக்கு ஒரு சண்டைன்னா சொல்லிக் காட்டுவே. அதுக்கு நான் இப்பவே போய்ச் சேர்ந்துடறேன்." தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் சாட்சியா சொல்லிக் காட்ட மாட்டேன்ணே" என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தாராம்.

கொடுத்தது ஒரு நாள் வேலை. சொல்லாமல் இருப்பது அவருக்குத் தினசரி வேலையாகிவிட்டது. நானாக இருந்தால் தையல் பிரிப்பதற்குள் நாலு தெருவுக்குக் கேட்கச் சொல்லியிருப்பேன்.

ஞாயிறு ஆராதனையில் போதகர் ஒருமுறை, சிறுநீரகம் கொடுத்ததைச் சபைக்குச் சாட்சியாகச் சொல்ல அவரை முன்னால் கூப்பிட்டார். கடைசி பெஞ்சிலிருந்து எழவே இல்லை. "அது மைக் வெச்சு சொல்லிக் காட்டுறது சார்" என்றார் பிறகு என்னிடம். "நாலு பேர் நல்லவன்னு சொன்னா இனிக்கத்தான் செய்யும். அதான் பயமா இருக்கு."

அண்ணன் வெளியே போயிருந்த ஒரு மதியம், கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாம என்ன? நாக்கு நுனி வரைக்கும் வந்துடும். தண்ணிய ஊத்தி உள்ள தள்ளுறேன். டாக்டர் வேற என்னை நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லியிருக்கார்." சிரித்துவிட்டு, ஜிப்பை இழுக்கும் ரன்னர் ஒன்றை இடுக்கியால் அழுத்தினார். "நமக்காக உயிரையே கொடுத்தவர் இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டல. நான் கொடுத்தது ஒரே ஒரு கிட்னி. கொடுக்க என்கிட்ட ஒண்ணு இருந்துச்சே, அது அண்ணனுக்குப் பொருந்துச்சே, அதுக்கே ஸ்தோத்திரம் சொல்லி மாளல."

அண்ணனுக்கு உப்பு ஆகாது என்பதால் இவரும் உப்பை விட்டுவிட்டார். "அவருக்கு டாக்டர் சொன்னாரு, உங்களுக்கு என்ன கேடு?" என்று மனைவி கேட்டுப் பார்த்துவிட்டார். "எதிர்ல உக்காந்து நான் மட்டும் ருசியாச் சாப்பிட்டா அவருக்குத் தொண்டையில இறங்குமா?" என்று பதில் வந்தது. அந்தச் சாப்பாட்டை நானும் ஒரு நாள் பகிர்ந்துகொண்டேன். எனக்கும் இறங்கவில்லை.

அவர் நொறுங்கிப்போனதை ஒரே ஒரு முறை பார்த்தேன். நூல்கண்டு தேடி அண்ணனின் இழுப்பறையைத் திறந்தவர் கைக்கு, பிரிக்காத மாத்திரை அட்டைகள் வந்தன. மாத்திரையை விட்டால் வைத்த சிறுநீரகம் நிலைக்காது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். "எத்தனையைத்தான் முழுங்குறதுன்னு அலுத்துப்போச்சாம் சார். இதுக்கா நான்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று பாட்டிலை எடுத்து வாயை நிரப்பிக்கொண்டார். கண்ணும் நிரம்பிவிட்டது. அன்றிலிருந்து வேளாவேளைக்கு "அண்ணே, மாத்திரை" என்பார். அதற்கும் திட்டு விழும்.

என் வீட்டில் கிழிந்த பை ஒன்றும் பாக்கி இல்லை. ஆனாலும் எதையாவது தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போய்விடுகிறேன். போய்விட்டுத் திரும்பும் வழியில், எனக்காக யார் யார் எதையெல்லாம் விட்டுக்கொடுத்து, ஒரு நாளும் சொல்லிக் காட்டாமல் இருந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைவு வருகிறது. மனம் நன்றியால் நிறைந்துபோகிறது.

போன வாரம் என் பெட்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டே, "அண்ணே, மாத்திரை" என்றார். மெஷின் நின்றது.

"எப்பப் பாரு மாத்திரை மாத்திரைன்னு உயிரை எடுக்கிறே! எனக்குன்னு நீ என்னத்தடா செஞ்சு கிழிச்சிட்டே?"

எனக்கே நாக்கு துடித்தது. ஜிப்புக்காரர் பாட்டிலை எடுத்து வாயில் கவிழ்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்னொரு முறை கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். உதடுகள் பிரிந்தன.

அண்ணன் அந்தக் காலிப் பாட்டிலைப் பார்த்தார். தம்பியின் வாயைப் பார்த்தார். முகத்தில் கோபம் அப்படியே இருக்க, இழுப்பறையைத் திறந்து மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டு, தன் பாட்டிலிலிருந்து ஒரு மடக்குக் குடித்தார். மூடியைப் போடவில்லை. மீதித் தண்ணீரோடு பாட்டிலைத் தம்பியின் பக்கம் நீட்டினார்.