மூன்றாவது அடி

ஒரே பூதத்துக்கு இரண்டு புத்தகத்தில் இரண்டு கணக்கு இருந்தால் எதை நம்புவது? கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். என் தம்பி இதற்காக ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாங்கள் நாலு பேர் விளையாடுவது பகடையும் கற்பனையும் கலந்த ஆட்டம். ஆளுக்கொரு வீரனையோ மந்திரவாதியையோ உருவாக்கி, அவனாகவே பேசி, சண்டை போட்டு, வருடக்கணக்கில் வளர்க்க வேண்டும். கதை சொல்லி, எதிரில் வரும் பூதம் பிசாசுகளை ஆட்டுவிப்பது என் கணவர். பகலெல்லாம் ஆலையில் வால்வு, பிரஷர் என்று பேசுகிற மனிதர், செவ்வாய்க்கிழமை சாயங்காலமானால் எங்கள் அணுபுரம் குவார்ட்டர்ஸ் ஹாலில் உட்கார்ந்து உறுமுவார். மாமல்லபுரத்தில் ஹோட்டல் ரிசப்ஷனில் இருக்கும் அவருடைய நண்பருக்கு அன்றுதான் வார விடுமுறை. தம்பி செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பைக்கில் வந்துவிடுவான். எங்கள் ஆட்டத்தில் செத்தால் செத்ததுதான். எத்தனை வருடம் வளர்த்த ஆளானாலும் அவனை விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத புது ஆளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆட்டத்தின் பூதங்களைப் பற்றிய புத்தகம் எங்களிடம் இரண்டு பதிப்பு இருக்கிறது. சதுப்புப் பூதம் பழையதில் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி அடிக்கும். புதியதில் மூன்று. இப்படி முட்டிக்கொண்டால் எது செல்லும் என்பதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஆபத்தில் இருப்பவரும் சொல்லக் கூடாது, அவருடைய சொந்தக்காரர்களும் சொல்லக் கூடாது. நாலு பேரில் மூன்று பேர் ஒரே குடும்பம் என்பதால் தீர்ப்பு பெரும்பாலும் நண்பர் தலையில்தான் விழும். பாவம், ஹோட்டலில் யார் எதைக் கேட்டாலும் சரி சரி என்று தலையாட்டிப் பழகியவர். தீர்ப்புச் சொல்லு என்றால் அவருக்கு வேர்த்துவிடும்.

போன மாதம் தம்பியின் மந்திரவாதி முன்னால் அந்தப் பூதம் வந்து நின்றபோது, நண்பர் என்னைத்தான் பார்த்தார்.

"நீங்க கணக்கு டீச்சர். எது சரின்னு நீங்களே சொல்லுங்க அண்ணி."

வழக்கப்படி அக்கா நான் வாயே திறந்திருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டால், ஆளுக்குத் தகுந்த மாதிரி கணக்கை மாற்றிச் சொல்ல எனக்கு வராது. புதுசுதான் என்றேன். தப்பைத் திருத்தத்தானே மறுபடி அச்சடித்திருக்கிறான்? இரண்டடி அடிக்கிறது பூதமா, வீட்டுப் பூனையா என்று வேறு கேட்டேன். நண்பர் நிம்மதியாக "அப்போ புதுசு" என்றார். மூன்றாவது அடியில் மந்திரவாதி செத்தான். நாலு வருடம் வளர்த்த ஆள். தம்பி பகடைகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, என் கணவரிடம் மட்டும் "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அதற்கப்புறம் நான் போன் செய்தால் "அம்மாகிட்ட தர்றேன்" என்பதோடு சரி. நான் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் சாதிப்பேன். ஆனாலும் மறுநாளும் போன் செய்வேன்.

ஒரு மாதம் கழித்து அதே பூதம் என் முன்னால் வந்தது. தம்பியின் புது வில்லாளி முதல் அடியிலேயே மயங்கி விழுந்து கிடந்தான். நண்பரின் திருடன் பின்னால் கதவுப் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பூட்டு திறக்கும்வரை இன்னும் ஒரு சுற்று பூதத்தைத் தாங்கி நிற்க வேண்டியது என் காவல்காரி. கல்யாணமான வருடம் நான் உருவாக்கியவள். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் எத்தனையோ பேருக்கு ஒதுங்கி வழிவிடுகிறேன். அவள் யாருக்கும் விட மாட்டாள். அவளிடம் அப்போது மிச்சமிருந்தது இருபத்தைந்து உயிர்ப் புள்ளி. அந்தப் பூதம் அடித்து ஓர் அடி பட்டால் பத்து போகும். இரண்டு அடி என்றால் நிச்சயம் பிழைப்பாள். மூன்றும் பட்டால் செத்தாள். இதைப் போட்டுப் பார்க்கக் கணக்கு டீச்சர் தேவையில்லை. ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"எந்தப் புக்கு?" என்றார் என் கணவர்.

நண்பர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "அன்னிக்கி அண்ணி சொன்னதத்தான் நான் சொன்னேன். இன்னிக்கும் அவங்களே சொல்லட்டும். எனக்குப் படபடன்னு கீது, என்ன வுட்ருங்க அண்ணாத்த."

என் கணவர், தான் பகடை போடுவதை நாங்கள் பார்க்காமல் இருக்க நிறுத்திவைத்திருந்த காலண்டர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழையது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, மறைப்பானேன்.

தம்பி என்னைப் பார்க்காமல் பேசினான். "பழசே சொல்லுக்கா. இன்னா இப்போ? நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"புதுசு," என்றேன். "அந்த அட்டைய எடுங்க. எல்லாரும் பாக்குற மாதிரி போடுங்க."

இருபது முகப் பகடையில் பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் அடி பட்டதாக அர்த்தம். முதலில் பதினேழு விழுந்தது. இரண்டாவது, சொல்லி வைத்த மாதிரி சரியாகப் பன்னிரண்டு. மிச்சம் ஐந்து. நண்பர் பார்க்க மாட்டேன் என்று பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கணவர் மூன்றாவது பகடையைக் கைக்குள்ளேயே குலுக்கிக்கொண்டிருந்தார்.

"போடுங்க மாமா!" என்று தம்பி கத்தினான்.

நாலு விழுந்தது.

"தப்பிச்சிட்டீங்க அண்ணி!" என்று நண்பர் கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். பூட்டு திறந்தது, மயங்கிக் கிடந்த வில்லாளியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வெளியே ஓடினோம், என் கணவர் அவசர அவசரமாகக் கதையை முடித்தார். தம்பி மட்டும் அந்த நாலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நேர்மையாக நடந்துகொண்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும். அதே புத்தகம், அதே மூன்று அடி. அவன் ஆள் செத்தான், என் ஆள் நிற்கிறாள். இதற்கு நான் பழையதையே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். பாலை அடுப்பில் வைக்கும்போது பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, மூணாவது பகட போட்டப்போ நீ சாவணும்னு நெனச்சேன். நெசமாத்தான் சொல்றேன்."

பால் பொங்கி வந்தது, அடுப்பை அணைத்தேன்.

"நானுந்தாண்டா," என்றேன். "பன்னெண்டுக்கு மேல வுழணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்."

தம்பி மேடையில் சாய்ந்துகொண்டு என் முகத்தையே பார்த்தான். ஒரு மாதத்தில் அவன் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.