அலோர் ஸ்டாரில் அவளை யாரும் கேட்கவில்லை

அலோர் ஸ்டார் கோர்ட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் அண்ணன் மகள் மலாயில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு எனக்குத் தீட்டு, அதனால்தான் கோவிலுக்குள் போகவில்லை. அவ்வளவுதான் அந்த வாக்கியம். நான் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லும் துணிச்சல் அவளுக்கு அப்போதுதான் வந்திருந்தது.

புக்கிட் செலம்பாவில் எங்கள் பக்கம் எந்தத் தகராறு வந்தாலும் போலீஸுக்கு முன்னால் முனியாண்டி கோவில்தான். இரண்டு தரப்பும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். தொழிற்சாலை வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிய இவளை வழிமறித்துச் சீரழித்தவன், அந்தக் கோவில் நிர்வாகத்திலேயே இருந்தவன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் அவளைத் தொடவில்லை என்று சத்தியம் செய்தான், படுபாவி. இவள் வாசலைத் தாண்டவில்லை. தீட்டோடு முனியாண்டி சந்நிதியை எந்தப் பெண் மிதிப்பாள்? அங்கே நின்ற பெண்களுக்கெல்லாம் காரணம் புரிந்திருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். சொல்லாதே என்று இவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மடியில் கனமில்லை என்றால் சாமியிடம் என்ன பயம் என்று ஒரு பெரிய மனிதர் தீர்ப்பே சொல்லிவிட்டார். அவரை வாயில் வந்தபடி ஏசிவிட்டு, இவளைக் காரில் ஏற்றி நேராகப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன்.

சுங்கை பட்டாணி கோர்ட்டில் விசாரணை. கதவைச் சாத்தித்தான் நடத்தினார்கள். துணைக்கு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். கோவிலில் சத்தியம் செய்ய ஏன் மறுத்தாய் என்று அவனுடைய வக்கீல் குரலை உயர்த்தாமலே கேட்டார். இவள் தலை கவிழ்ந்தது. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவில் 'பதில் இல்லை' என்று மட்டும் ஏறியது. ஆனாலும் அந்த நீதிபதி இவளை நம்பினார். அவனுக்குச் சிறை என்றார். அவன் அப்பீல் போட்டான்.

அலோர் ஸ்டார் கோர்ட் வாசலில் அரசாங்க வக்கீலிடம், இன்றைக்கு நான் சொல்லிவிடுகிறேன் என்றாள் இவள். அந்த மலாய்க்காரப் பெண் இவள் தோளைத் தொட்டு, அப்பீலில் சாட்சிகளைக் கேட்பதில்லை என்றார். கீழ்க் கோர்ட்டில் பதிவானதைப் படித்துத்தான் முடிவு சொல்வார்களாம். அன்றே சொல்லியிருக்கக்கூடியதை இன்று புதிதாகச் சேர்க்க முடியாதாம். நல்ல மனுஷிதான், ஆனாலும் எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். 'பதில் இல்லை' என்ற அந்த வரியை அவன் வக்கீல் வாய் வலிக்காமல் திரும்பத் திரும்பப் படித்தார். உண்மை பேசுகிறவளுக்குப் பதில் இல்லாமல் போகுமா என்றார். பதில் அந்தக் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. என் பக்கத்தில் அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கடைசியில் நீதிபதி சொன்னார்: அவள் சாட்சியை நேரில் பார்த்தவர் கீழ்க் கோர்ட் நீதிபதி. அந்த மௌனத்தைப் பொய் சொல்பவளின் மௌனமாக அவர் காணவில்லை. அவமானத்தில் குனிந்த தலை என்று எழுதியிருக்கிறார். பார்க்காத நான் அதை மாற்றக் காரணமில்லை. அப்பீல் தள்ளுபடி.

எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன். அவள் தொடவில்லை.

"அத்த, நான் தல குனிஞ்சதுனாலதான் நம்புனாங்களா?"

அப்படியில்லை லா, டாக்டர் ரிப்போர்ட்டும் இருந்தது என்றேன்.

"நிமிந்து நின்னு பதில் சொல்லிருந்தா?"

அவன் உள்ளே இருக்கிறான். கோவிலில் இப்போது யாரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் யார் எதைக் கேட்டாலும், கிளினிக் கவுண்டரில் பெயரைக் கேட்டாலும்கூட, அவள் முதலில் தலையைக் குனிந்துகொள்கிறாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கிறாள்.